வெளிச்சத்துக்கு முறை வைத்த திருவிழா

போன வருடம் நான் எடுத்த திருவிழா வீடியோவில் கோயில் கமிட்டித் தலைவரைக் காணவில்லை என்று தலைவரின் மனைவி என்னிடம் சண்டைக்கு வந்தார். தலைவர் அதில் இருக்கத்தான் செய்தார். மாதா சுரூபம் வைத்த படகின் முன்பக்கம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தார். வேட்டி பளிச்சென்று தெரிந்தது. சட்டையும் தெரிந்தது. சட்டைக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரித்துண்டு இருந்தது. அது தன் புருஷன்தான் என்று ஏற்றுக்கொள்ள அந்த அம்மாள் தயாராக இல்லை. இத்தனை வருடம் கூடவே குடித்தனம் நடத்திய எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் மெயின்லேண்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து எங்கள் அப்பாக்கள் காலத்தில் மீன் பிடிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். வந்ததும் ஒரு மாதா கோயில் கட்டினார்கள். கோயில் கட்டியதும் ஒரு கமிட்டி அமைத்தார்கள். கோயில் கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது, கமிட்டியில் மட்டும் ஒரு ஓட்டை கிடையாது. பிப்ரவரியில் கடல் அடங்கிக் கிடக்கும்போது திருவிழா வரும். கடைசி நாள் காலைப் பூசை முடிந்ததும் மாதாவைப் படகில் ஏற்றி, பின்னால் மற்றப் படகுகள் வரிசையாக வர, கடலில் ஒரு சுற்று போய் வருவார்கள். அதை ட்ரோன் விட்டுப் படம் பிடிப்பது என் வேலை.

நான் போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் குடியிருந்துகொண்டு கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். தேனிலவுக்கு வருகிற ஜோடிகளை மணலில் ஓடச் சொல்லி, திரும்பிப் பார்க்கச் சொல்லி, சரியாக வரவில்லை என்று மறுபடியும் ஓடச் சொல்வேன். பாவம், ஓடுவார்கள். திருவிழாவுக்கு மட்டும் சொந்தக்காரன் என்கிற முறையில் கப்பலேறிப் போவேன். எங்கள் தீவுகளில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்குவதற்குள் ஒரு கழுகைப் பிடித்துப் பழக்கிவிடலாம். அதையும் வாங்கிக்கொண்டுதான் போவேன். படகுத் துறையான ஜெட்டிக்கு முன்னால் ஒரு துண்டுக் கடல், அதுவும் காலை வேளையில் மட்டும் என்று கொடுப்பார்கள். ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் படம். சுற்றின் முதல் பாதியோடு என் கதை முடிந்துவிடும்.

கேமராவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது முட்டாள், ஆனால் கொள்கை உள்ள முட்டாள். உலகத்தில் உள்ளதையெல்லாம் கலக்கினால் ஒரு மாதிரிச் சாம்பல் நிறம்தான் வரும் என்பது அதன் கொள்கை. எதிரே வெள்ளைப் படகும் வெயிலடித்த கடலும் வந்து நின்றால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கடலும் படகும் சாம்பலுக்கு இறங்கும். ஏற்கெனவே வெயிலில் கறுத்த எங்கள் முகங்கள் கரிக்கு இறங்கும். இதற்கு மருந்துதான் ஸ்பாட் மீட்டரிங். எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்காதே, நான் காட்டுகிற இந்த ஒரு இடத்தை மட்டும் பார், இது ஒழுங்காகத் தெரிந்தால் போதும், மற்றது எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று கேமராவிடம் சொல்வது. கையில் இருக்கும் திரையில் விரலால் தொட்டால் அங்கே ஒரு சின்னக் கட்டம் வரும். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அந்தக் கணக்கிலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியனே குறுக்கே வந்தாலும் மாறாது.

போன வருடம் காற்றோடு மல்லுக்கட்டவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது, கட்டம் போட நேரமில்லை. இந்த வருடம் அப்படி நடக்கக் கூடாது என்று தலைவர் போனிலேயே எச்சரித்திருந்தார். தலைவர் என்றால் சும்மா இல்லை. சொந்தமாக ஃபைபர் படகுகள், ஐஸ் ஃபேக்டரி, தலைமுடிக்கு மாதம் தவறாத கறுப்பு மை. நான் ஹட் பேயில் கப்பலிறங்கிய அன்றைக்கே கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டுவிட்டார். பெட்டியை இறக்கி வைக்கவும் விடவில்லை. அலங்காரம் முடிந்த மாதா சப்பரத்தில் இருந்தார், தலையில் தங்க முலாம் பூசிய கிரீடம். சுற்றிலும் தலைவர், பங்குச் சாமியார், பாடகர் குழு அம்மாள், கமிட்டி ஆட்கள். நான் ட்ரோனைப் பறக்கவிடாமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அது பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்படி கோயில் டீவியில் இணைத்துக் கொடுத்தேன். இந்த வருடம் வெளிச்சத்தை ஒரே ஒரு இடத்தில்தான் வைக்க முடியும், எங்கே வைக்கலாம் என்று கேட்டேன்.

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டபடி மாதா மேல் வைக்கச் சொன்னார். வேறு யாருக்கு வைக்க முடியும் என்று தழுதழுத்தார். நான் கிரீடத்தின் மேல் வைத்தேன். கிரீடம் அருமையாக வந்தது, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அடிப்பிடித்த சோறு மாதிரி ஆகிவிட்டார்கள். தலைவர் டீவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டத்தைத் தோடா, கொஞ்சமாக, இந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கச் சொன்னார். இந்தப் பக்கம் என்பது அவருடைய முகம். நகர்த்தினேன். முகம் நன்றாக வந்தது. மை நெற்றியில் இறங்கிய கோடு வரைக்கும் வந்தது. மாதா இருந்த இடத்தில் ஒரு டியூப் லைட் எரிந்தது.

“மாதா எங்க?” என்றார் பாடகர் குழு அம்மாள்.

“மாதா எங்கயும் இருப்பாவ” என்றார் தலைவர். “மாதாவ எல்லாத்துக்கும் தெரியும்லா. பக்கத்துல நிக்கது யாருன்னுதான் தெரிய மாட்டேங்கு.”

இதற்கு மேல் இறையியலில் யாரும் பேச முடியாது. ஆனால் பேசினார்கள். பாடகர் குழுவின் மேல் ஏன் வைக்கக் கூடாது என்று அந்த அம்மாள் கேட்டார். அன்னதானம் கொடுத்தவர்களுக்கு என்ன குறை என்று ஒருவர் கேட்டார். ஐந்தாறு முகத்தில் ஒரே சமயம் வைத்தால் என்ன, மிஷின் தாங்காதா என்று இன்னொருவர் கேட்டார். எங்கள் ஊரில் முடிவெடுக்க முடியாத எதையும் கடைசியில் முறை ஆக்கிவிடுவது வழக்கம். கொடி ஏற்ற முறை, சிலுவை தூக்க முறை, கஞ்சி ஊற்ற முறை என்று எல்லாவற்றுக்கும் குடும்பவாரியாக முறை உண்டு. சாமியார் நல்ல மனிதர், களைத்துப்போன மனிதர். ஸ்பாட்டுக்கும் முறை வைத்துவிடலாம் என்றார். முதலில் மாதா, அடுத்து தலைவர், அப்புறம் பாடகர் குழு, அதற்கப்புறம் உபயதாரர்கள். மறுநாள் மாலைப் பூசை முடிவில் பீடத்திலிருந்தே அறிவிப்பும் செய்தார். யாருக்காகப் பூசை என்கிற கருத்துகளுக்கும் காணாமல் போன செருப்புக்கும் நடுவில், ஸ்பாட் முறை யார் யாருக்கு என்று வாசித்தார். உலகத்தில் வேறு எந்தக் கோயிலிலாவது கேமராவின் வெளிச்சக் கட்டத்துக்குக் குடும்ப உரிமை கொண்டாடியிருப்பார்களா என்று தெரியவில்லை.

படகை ஓட்டுகிறவருக்கு முறை கிடையாது. அதை யாரும் யோசிக்கவே இல்லை. மாதா படகை வருடா வருடம் ஓட்டுகிறவர் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். அன்றைக்குக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, உடம்பு அசதி என்று படுத்திருப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

நான் தங்குவது அவர் வீட்டில்தான். மதினி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். ஒரே மகள் மெயின்லேண்டில் நர்ஸிங் படிக்கிறாள், கடைசி வருடம், அடுத்த மாதம் பரீட்சை. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் அவள். அண்ணன் அதைச் சொல்லாமல் யாரிடமும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். மீன் விலை கேட்டு வருகிறவர்களுக்குக்கூட முதலில் மகளின் பரீட்சைதான் கிடைக்கும். அன்றைக்கு நான் போனபோது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வா என்றார், எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை வைத்தே சோறு தின்கிறவன் நான். பேச்சுவாக்கில் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

வெறும் அசதி என்றார். அசதிக்கு எதற்கு அம்மியில் கீழாநெல்லி அரைத்து வைத்திருக்கிறது என்று கேட்டேன். அது சும்மா குளிர்ச்சிக்கு என்றார். என்னோடு போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வாருங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன். பரீட்சை முடியட்டும் என்றார். தான் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செய்தி மகளுக்குப் போகும், மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவாள், ஒரு வருடம் போய்விடும். அதனால் பரீட்சை முடியும் வரை கல்லீரல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு. கல்லீரலிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. மகளிடம் இது பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று மதினியின் போட்டோவுக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்து கொடுத்துவிட்டு, அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. அண்ணன் அதற்குத் தயாரான விதத்தைப் பார்க்க வேண்டும். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார். நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேர் முன்னால் போட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டார், குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டார். போன் திரையில் வெளிச்சமான ஒரு ஜன்னல் தெரிந்தது, அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு உருவம் உற்சாகமாகப் பேசியது. கண்ணும் தெரியவில்லை, கன்னமும் தெரியவில்லை. முகம் தெரியவில்லையே என்று அவள் கேட்டபோது நெட் சரியில்லை என்றார். ஹட் பேயில் எந்தக் குற்றத்தையும் நெட்டின் மேல் போடலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போட்டோகிராஃபி என்றால் என்னவென்று தெரியாத மனிதர், கேமராவின் முட்டாள்தனத்தைத் தானாகவே கண்டுபிடித்து, மறைந்துகொள்ள ஒரு இடம் செய்திருந்தார்.

கால் முடிந்ததும் திருவிழா லைவைப் பற்றிக் கேட்டார். இந்த வருடம் மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் பார்க்கத் தலைவர் நேரடி ஒளிபரப்பு ஏற்பாடு செய்திருந்தார், மகளும் பார்ப்பாள். அதில் தன் முகம் தெரியுமா என்பது அண்ணனின் கவலை. போன வருடம் எல்லோரும் கரியாகத்தானே வந்தீர்கள் என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். போன வருட வீடியோவைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான். எதற்கும் வெயில் முதுகில் அடித்தால் நல்லதுதானே என்று கேட்டார். கேமராவைச் சும்மா விட்டால் அப்படித்தான் என்றேன். மிச்சத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் நான் ஜெட்டியில் நின்று காற்று பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் என் போனுக்குக் கூப்பிட்டாள். எடுத்ததும் அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். நான் காற்றைப் பற்றிச் சொன்னேன். கடலைப் பற்றிச் சொன்னேன். சப்பரத்தில் இந்த வருடம் என்ன பூ என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் சித்தப்பா. சத்தியம் வாங்கியிருப்பாவ, எனக்குத் தெரியும்” என்றாள். “கிறிஸ்துமஸ்லருந்து அப்பா முகத்த நான் பாக்கல. எப்பக் கூப்ட்டாலும் ஜன்னல் முன்னாலயே உக்காந்துருக்காவ. நாளைக்கு அந்த ஸ்பாட்ட அப்பா முகத்துல வைங்க. அது போதும். நான் பாத்துக்கிடுதேன்.”

அவளுடைய உறுதிபூசுதல் சடங்கு அன்றைக்குக் கோயிலில் படம் எடுக்கும்போது ஸ்பாட் மீட்டரிங் பற்றி அவளுக்கு நீண்ட பிரசங்கம் செய்திருக்கிறேன். சொந்தக்காரர்களில் என்னிடம் அந்தப் பிரசங்கம் கேட்காதவர்கள் யாரும் இல்லை. ஒருவரும் கவனித்ததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் காற்று கூடுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. காட்டினால் அவள் பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வருவாள், அண்ணன் செத்தாலும் என் முகத்தில் விழிக்க மாட்டார். காட்டாவிட்டால் அவர் நிஜமாகவே செத்துப்போவார். ஊரே தன் முகத்தில் வெளிச்சம் வேண்டும் என்று முறை போட்டு அடித்துக்கொள்கிறது, ஒரே ஒரு ஆள் தன் மேல் மட்டும் வேண்டாம் என்கிறார், அவர் மேல்தான் வைக்க வேண்டும். மாதாவிடம் கேட்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். அங்கே கமிட்டி உட்கார்ந்து உபயதாரர் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து மாதா படகேறினார். தலைவர் புது வேட்டியில், புது மையில், தன் இடத்தில் நின்றார். பாடகர் குழு அடுத்த படகில் ஒரே நிறப் புடவையில் இருந்தது. சாமியார் கையில் மைக். அண்ணன் படகின் பின்பக்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எஞ்சின் பிடியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். ஜெட்டியில் நின்று நான் ட்ரோனை ஏற்றினேன். தலைவர் மனைவி என் பக்கத்திலேயே போனைத் திறந்து லைவை வைத்துக்கொண்டு காவல் நின்றார்.

எங்கள் சுற்றுக்கு ஒரு வழி உண்டு. ஜெட்டியிலிருந்து முதலில் தெற்கே போவார்கள். காலை வெயில் முகத்தில் அடிக்கும், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடுவார்கள். பிறகு கடலுக்குள் வளைந்து, வடக்கே சுற்றித் திரும்புவார்கள். கோயில் கட்டின நாளிலிருந்து அப்படித்தான். அண்ணன் அன்றைக்குப் படகைக் கிளப்பினார், ஜெட்டியைத் தாண்டினார், வடக்கே திருப்பிவிட்டார்.

பின்னால் வந்த படகுகள் தடுமாறி, ஒன்றையொன்று இடிக்கப் பார்த்து, அவையும் வடக்கே திரும்பின. தலைவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னவோ கேட்டார், கேமரா இருந்ததால் நிற்கிற நிலையைக் கலைக்கவில்லை. சாமியார் ஒரு கணம் விழித்துவிட்டு, இந்த வருடம் அன்னை நமக்குப் புதிய பாதையைக் காட்டுகிறார் என்று மைக்கில் சொன்னார். கரையில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. வெயில் இப்போது அண்ணனின் முதுகில் அடித்தது. ஒரு முகத்தை மறைக்க ஒரு பங்குச் சனத்தையே தலைகீழாகச் சுற்ற வைத்துவிட்டார். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததால் திரையும் மங்கலாகத் தெரிந்தது.

முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் மாதா. கிரீடம் ஜொலித்தது, மனிதர்கள் கரியானார்கள். அடுத்து தலைவர். தலைவர் மனைவி பக்கத்தில் திருப்தியாக மூச்சு விட்டார். அடுத்தது பாடகர் குழுவின் முறை. நான் ட்ரோனை அவர்கள் பக்கம் திருப்பவில்லை. மாதா படகின் பின்பக்கத்துக்கு ஜூம் செய்தேன். துண்டுக்குக் கீழே ஒரு இருண்ட முகம் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தேன். பூட்டிக்கொள்ளும் வரை எடுக்கவில்லை.

கடல் வெள்ளையாகப் போனது. வானம் வெள்ளையாகப் போனது. மாதா ஒரு வெளிச்சமாகவும் தலைவர் ஒரு வேட்டியாகவும் கரைந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனார்கள். அத்தனை வெள்ளைக்கும் நடுவில் அண்ணனின் முகம் மட்டும் மேலேறி வந்தது. வெயில் முதுகில் அடித்தால் கேமரா ஏமாறும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஸ்பாட்டை எங்கே வைக்கிறோமோ அதைத் தவிர வேறெதையும் பார்க்காத கேமராவுக்கு முதுகு வெயில் ஒரு பொருட்டே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால் நேராக ட்ரோனைப் பார்த்தார். தன்னை யாரும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் முகத்தை அதன்பாட்டுக்கு விட்டிருந்தார். மகளோடு பேசும்போது வரவழைக்கிற நிமிர்வு அதில் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தோல் தொங்கியது. கண்கள் பழுத்த இலை நிறத்தில் இருந்தன. வலியில் இருக்கிற மனிதர் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து நெட் இளைத்துவிட்டது, எழுத்து மட்டும் போகும், படம் நகராது. லைவ் அந்த முகத்தோடு உறைந்துபோனது. ஜெட்டியில் எல்லோர் போனிலும் அண்ணன். தூத்துக்குடியிலும் சென்னையிலும் குவைத்திலும் திருவிழா பார்க்க உட்கார்ந்த எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டிலும் அண்ணன். கீழே கருத்துகள் வர ஆரம்பித்தன. இது யார் என்று கேட்டார்கள். தலைவர் எங்கே என்று கேட்டார்கள். காமாலை போலிருக்கிறதே, ஆஸ்பத்திரிக்குக் காட்டினீர்களா என்று கேட்டார்கள். தலைவர் மனைவி போனைத் தட்டினார், குலுக்கினார், தூக்கிப் பிடித்தார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

படகுகள் திரும்பியதும் தலைவர்தான் முதலில் குதித்தார். கரையிலிருந்து யாரோ போனில் செய்தி சொல்லியிருக்க வேண்டும். முறையை மீறிவிட்டேன், பாடகர் குழுவை ஏமாற்றிவிட்டேன், உபயதாரர்கள் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன், எல்லாவற்றுக்கும் மேலாக மாதாவையே காணாமல் அடித்துவிட்டேன் என்று ஜெட்டி அதிரக் கத்தினார். மாதா எங்கயும் இருப்பாவ என்றேன். கையை ஓங்கிவிட்டார். சாமியார் நடுவில் வந்தார்.

அண்ணன் மெதுவாகப் படியேறி வந்தார். யாரோ ஒருவர் கையிலிருந்த போனில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சத்தியம் பண்ணினியேலே.”

“வாயத் தொறக்கல அண்ணே” என்றேன்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள். எடுத்துக் காதில் வைக்கப் போனார். நான் வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், காற்றில் வேறு வழியில்லை. தலைவர் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். மாதாவை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வார்டில் கட்டில் ஓரம் நின்று கேட்கிற குரலில் கேட்டாள். பசிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். உடம்பு அரிக்கிறதா என்று கேட்டாள். கொஞ்சம் என்றார்.

“ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?”

அண்ணன் சுற்றிப் பார்த்தார். சாமியார் நின்றார், கமிட்டி நின்றது, ஒரே நிறப் புடவையில் பாடகர் குழு நின்றது, கிரீடத்தோடு மாதா இருந்தார். அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“வரக்காப்பி மாதிரிம்மா.”

“எப்பருந்து?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தியே.”

அதே வார்டுக் குரலில் அடுத்ததைக் கேட்டாள்.

“நான் பரீட்ச எழுதணுமாப்பா?”

“எழுதணும்மா. அதுக்குத்தான…”

“அப்ப நாளைக்குக் கப்பல்ல சித்தப்பா கூட ஏறுங்க. ஏறிட்டியன்னா எழுதுவேன். ஏறலன்னா இன்னைக்கே கிளம்பி வாரேன்.”

போனை வைத்துவிட்டாள். அண்ணன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, என்னை அடிக்க ஓங்கிய கையை இன்னும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற தலைவரிடம் போய், நாளைக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.